கண்டி மலைநாட்டில் எயார் சஸ்பென்ஷன்: பழுதும் பராமரிப்பும் குறித்த ஓர் ஆய்வு

உயர்விலைக் கார்களில் உருக்குச் சுருள்வில்லுக்குப் பதிலாக, அழுத்தப்பட்ட காற்று நிரம்பிய இறப்பர்ப் பைகள் வண்டியின் எடையைத் தாங்கும் ஏற்பாடு எயார் சஸ்பென்ஷன் எனப்படுகிறது. மெர்சிடிஸ் பென்ஸ், லேண்ட் ரோவர், ஔடி, பி.எம்.டபிள்யூ முதலிய நிறுவனங்களின் விலைகூடிய வகைகளில் இது கடந்த கால்நூற்றாண்டாகப் பரவலாகக் காணப்படுகிறது. கண்டி நகரிலும் அதனைச் சூழ்ந்த பேராதனை, கட்டுகஸ்தோட்டை, குண்டசாலை, திகனை முதலிய பகுதிகளிலும் ஓடும் இத்தகைய கார்களில் அது பழுதடையும் விதம், ஐரோப்பியக் கையேடுகள் எதிர்பார்க்கும் விதத்திலிருந்து சற்று விலகி நிற்கிறது. மலைநாட்டின் ஈரப்பதனும், ஓயாத ஏற்ற இறக்கமும், 2020 இற்குப் பின் நாட்டில் நிலவிய வாகன இறக்குமதித் தடையும் சேர்ந்து அந்த விலகலை உண்டாக்கியிருக்கின்றன. கராஜுக்கு வரும் வண்டிகளில் பெரும்பாலும் கொம்பிரசர் எரிந்த பின்னரே பழுது உணரப்படுகிறது. ஆனால் அந்தப் பழுதின் மூலம் பல மாதங்களுக்கு முன்பே ஏதோவொரு பையில் தொடங்கிய சிறு கசிவாக இருப்பதே வழக்கம். பராமரிப்பு என்பதன் பெரும்பகுதி அந்தக் கசிவை உரிய காலத்தில் கண்டுபிடிப்பதில் அடங்கியுள்ளது என்பதே இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்து.

இவ்வமைப்பின் உறுப்புகள் எண்ணிக்கையில் அதிகமல்ல. ஒவ்வொரு சக்கரத்தருகிலும், அல்லது சில வகைகளில் பின்சக்கரங்கள் இரண்டில் மட்டும், நைலோன் நூலிழைகளால் வலுவூட்டப்பட்ட இறப்பர்ப் பை ஒன்று இருக்கிறது. வண்டி மேலும் கீழும் அசையும்போது அதன் கீழ்விளிம்பு ஒரு குழல்போல் உள்நோக்கி மடிந்து மடிந்து விரிகிறது. மின்மோட்டாரால் இயங்கும் சிறிய கொம்பிரசர் வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்துகிறது. அழுத்தப்பட்ட காற்று, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா மணிகளோ அதுபோன்ற வேறு மணிகளோ நிரம்பிய உலர்த்தி வழியாகச் சென்று, வால்வுக் கட்டை எனப்படும் மின்கட்டுப்பாட்டுப் பங்கீட்டுப் பெட்டியை அடைந்து, அங்கிருந்து மெல்லிய நைலோன் குழாய்கள் வழியாகப் பைகளுக்குப் பிரிகிறது. பல வண்டிகளில் முன்கூட்டியே அழுத்திய காற்றைச் சேமித்து வைக்கும் தாங்கியும் உண்டு. சக்கரங்களுக்கருகே பொருத்தப்பட்ட உயர சென்சர்கள் வண்டியின் உடல் தரையிலிருந்து எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்பதை ஒரு கணினிப் பெட்டிக்கு அறிவிக்க, அது வால்வுகளைத் திறந்தும் மூடியும் உயரத்தைச் சரிசெய்கிறது. பைகளில் நிலவும் அழுத்தம் வண்டியின் எடையையும் பையின் அளவையும் பொறுத்துப் பொதுவாக 5 முதல் 10 பார் வரை இருக்கும். கொம்பிரசர் அதைவிடக் கணிசமாக உயர்ந்த அழுத்தத்தைத் தரவல்லது.

இதே தேவைக்கு எண்ணெய் அழுத்தத்தைப் பயன்படுத்தும் அமைப்புகளும் உள்ளன. அவற்றையும் இதையும் ஒன்றாகக் கருதுவது உள்ளூரில் அடிக்கடி நேரும் குழப்பம். லெக்சஸ் எல்எக்ஸ் 570 வண்டியின் உயரத்தை மாற்றுவது காற்றன்று, எண்ணெய். 1955 இல் வெளிவந்த சிட்ரோவன் டிஎஸ் காரில் நைட்ரஜன் வாயுவும் எண்ணெயும் சேர்ந்து இயங்கின. டொயோட்டா பிராடோவின் உயர்தர வகைகள் சிலவற்றில் பின்சக்கரங்களுக்கு மட்டும் காற்றுப் பைகள் உள்ளன. வாங்குபவர் இதைத் தெரிந்திருக்க வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல் பொதுவாக ‘சஸ்பென்ஷன் சேர்விஸ்’ செய்து தருவதாகக் கூறும் இடத்தைத் தவிர்ப்பது நன்று.

அமெரிக்காவின் கடிலாக் நிறுவனம் 1957 இல் எல்டொராடோ புரோம் காரில் நான்கு சக்கரங்களுக்கும் காற்றுப் பை பொருத்தியது. அவை கசிந்து தொல்லை கொடுத்தமையால் உரிமையாளர் பலர் பின்னர் சுருள்வில்லுக்கு மாறினர். மெர்சிடிஸ் பென்ஸ் 1961 இல் 300 எஸ்இ காரிலும், 1963 இல் 600 காரிலும் காற்றைப் பயன்படுத்தியது. மின்னணுக் கட்டுப்பாடு 1980களில் டொயோட்டா சோரர் முதலிய கார்களுடனும், 1990களின் தொடக்கத்தில் ரேஞ்ச் ரோவருடனும் வந்து சேர்ந்தது. 1998 இன் மெர்சிடிஸ் எஸ் வகுப்புடன் அது ஆடம்பரக் காரின் அடையாளங்களுள் ஒன்றாகவே ஆயிற்று. கடிலாக் உரிமையாளர்கள் 1950களில் கண்ட பிரச்சினை கசிவு. இன்று கண்டியில் கராஜ்கள் காண்பதும் அதுவே. இடைப்பட்ட காலத்தில் வால்வும் கணினியும் வெகுவாக முன்னேறின. மடிந்து விரியும் இறப்பர் முதுமையடையும் இயல்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

இலங்கையில் இந்த முதுமை கூடுதலாகத் தெரிவதற்குப் பொருளாதாரக் காரணம் ஒன்று உண்டு. அந்நியச் செலாவணியைக் காக்கும் நோக்கில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீளத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் வசதி படைத்தோரும் பழைய வண்டியையே வைத்து ஓட வேண்டியதாயிற்று. 2022 இன் நெருக்கடியின்போது டொலரின் பெறுமதி சில வாரங்களில் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை உயர்ந்ததாலும், வங்கிகளில் நாணயக் கடிதம் திறப்பது கடினமானதாலும், உதிரிப்பாகங்களின் விலையும் வரவும் நிலைகுலைந்தன. எரிபொருள் இல்லாமல் வாரக்கணக்கில் வண்டிகள் வீட்டு வாசலில் நின்றதும் அதே ஆண்டிலேயே. சுருள்வில் பொருத்திய காருக்கு அந்த ஓய்வு பெரிய கேடன்று. காற்றுப் பை கொண்ட காருக்கோ அது தீங்கானது. ஏனெனில் மெதுவாகக் காற்று இறங்கிய பையின் இறப்பர் ஒரே மடிப்பில் வண்டியின் முழு எடைக்கும் கீழே நசுங்கிக் கிடந்து, அந்த மடிப்பிலேயே வெடிப்புக் கொள்கிறது. இறக்குமதி திறந்த பின்னரும் புதிய வண்டிகள் மீதான வரிச்சுமை மிகக் கூடுதலாக இருப்பதால், பத்து முதல் இருபது ஆண்டு வயதுடைய ஆடம்பரக் கார்கள் இனியும் நெடுங்காலம் ஓடவே போகின்றன.

இனி ஈரம். கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், இரு பருவக்காற்றுகளும் அவற்றின் இடைக்கால மழைகளும் தொடும் பள்ளத்தாக்கில் அமைந்தது. இங்கு வெப்பம் மிதமானது. ஈரப்பதனோ ஆண்டின் பெரும்பகுதியில் உயர்ந்தே இருக்கிறது. 24 பாகை செல்சியஸ் வெப்பநிலையும் 80 சதவீத ஈரப்பதனும் கொண்ட ஒரு கனமீற்றர் காற்றில் ஏறத்தாழ 17 கிராம் நீராவி இருக்கும். அத்தகைய காற்றை எட்டுக் கனமீற்றர் எடுத்து ஒரு கனமீற்றராக அழுத்தினால் அதனுள் 140 கிராம் அளவில் நீராவி சேர்கிறது. ஆனால் மீண்டும் அதே வெப்பநிலைக்குக் குளிரும்போது அந்த ஒரு கனமீற்றர் கொள்ளக்கூடியது ஏறத்தாழ 22 கிராம் மட்டுமே. மிகுதி, அதாவது ஆறில் ஐந்து பங்கு, நீராகப் பிரிந்தே தீரும். பூச்சியப் பாகையில் உள்ள குளிர்காலக் காற்றோ முழுமையாக நிரம்பினாலும் கனமீற்றருக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான நீராவியையே சுமக்கிறது. வட ஐரோப்பாவில் எழுதப்பட்ட கையேடுகள் வால்வில் நீர் உறைவதைப் பற்றிக் கவலைப்படுகின்றன. கண்டியில் எதுவும் உறைவதில்லை. ஆனால் கொம்பிரசர் உறிஞ்சும் காற்றுடன் உள்ளே நுழையும் நீரின் அளவு அங்கத்தைய குளிர்காலத்தைவிடப் பன்மடங்கு.

அந்த நீரைத் தடுப்பது உலர்த்தி. அதன் மணிகள் ஈரத்தை உறிஞ்சி நிறைந்து விடாமல் இருப்பதற்கு ஓர் எளிய சூழ்ச்சி செய்யப்பட்டுள்ளது: வண்டி தாழ்த்தப்படும்போது பைகளிலிருந்து வெளியேறும் வறண்ட காற்று அதே உலர்த்தி வழியாக எதிர்த்திசையில் சென்று, மணிகளில் சேர்ந்த ஈரத்தை வாரிக்கொண்டு வெளியேறுகிறது. ஆகவே உயர்த்துதலும் தாழ்த்துதலும் மாறிமாறி நடக்கும்வரை உலர்த்தி தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. பை ஒன்று கசியத் தொடங்கியதும் இந்தச் சமநிலை குலைகிறது. கசிவில் போகும் காற்று உலர்த்தியை மீண்டும் தொடுவதே இல்லை; உள்ளே வருவதோ ஈரக்காற்று, வெளியே போவதோ பையின் வெடிப்பு வழியாக. மணிகள் நனைந்து, நாளடைவில் உடைந்து தூளாகின்றன. தூளும் ஈரமும் வால்வுக் கட்டைக்குள் சென்று, நுண்ணிய வால்வு இருக்கைகளில் படிந்து, அவற்றைச் சரியாக மூடவிடாமல் செய்கின்றன. அப்போது கசிவு இரண்டாகிறது. கொம்பிரசர் நாள் முழுதும் ஓடுகிறது. அதன் பிஸ்டன் வளையம் தேய்கிறது. தேய்ந்த வளையத்தால் அழுத்தம் குறைய, இன்னும் நீண்ட நேரம் ஓட வேண்டியதாகிறது. இறுதியில் மோட்டாரைத் தொடக்கும் ரிலே ஒட்டிக்கொள்ள, சாவியை எடுத்த பின்னரும் மோட்டார் ஓடி எரிந்துபோகிறது. இந்தச் சங்கிலியில் கடைசிக் கண்ணிதான் கராஜின் கண்ணில் படுகிறது. புதிய கொம்பிரசரைப் பொருத்தி, பழைய பையையும் நனைந்த வால்வுக் கட்டையையும் அப்படியே விட்டால், புதியதும் அதே வழியில் சீக்கிரமே போகும்.

வாசல் சரிவில் அடிப்பாகம் உரசாமல் இருக்க வண்டியை அடிக்கடி உயர்த்தி இறக்குவது உறுப்புகளைத் தேய்த்துவிடும் என்று உரிமையாளர் பலர் அஞ்சுகின்றனர். ஹந்தானை, அனிவத்தை, பகிரவகந்தை போன்ற செங்குத்தான குடியிருப்புகளில் இது அன்றாடத் தேவை. மேலே கூறிய இயக்கத்தை நோக்கினால் அந்த அச்சம் ஓரளவே சரியானது. உயர்த்துதல் கொம்பிரசரைச் சூடாக்கும் என்பது உண்மைதான். ஆயினும் இறக்கும்போது காற்று உலர்த்தி வழியாகவே வெளியேறுவதால் ஈரக்கணக்கு நேராகிவிடுகிறது. பொத்தானை நாளுக்கு நான்கு முறை அழுத்துவதைவிட, ஊசிமுனை அளவான கசிவொன்று இரவு முழுதும் தொடர்வதே பெரிய கேடு.

உயரத்தின் விளைவு பலரும் எண்ணுவதைவிடச் சிக்கலானது. கொழும்பிலிருந்து கடுகண்ணாவை ஏறிக் கண்டிக்கும், அங்கிருந்து கம்பளை, புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியாவுக்கும் செல்லும் வண்டி 1,868 மீற்றர் வரை ஏறுகிறது. அங்கு வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 0.8 பார் அளவுக்கு இறங்குகிறது. வெளியழுத்தம் குறைவதால் பை சற்று உப்ப முயல்கிறது. ஆனால் வெப்பநிலையும் 28 பாகையிலிருந்து 15 பாகை வரை வீழ்வதால் உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. இரண்டையும் கணக்கிட்டுப் பார்த்தால், 6 பார் அழுத்தத்திலுள்ள பையில் ஒன்றின் விளைவை மற்றது பெரும்பாலும் ஈடுசெய்துவிடுகிறது. எஞ்சும் மாற்றம் மிகச் சிறியது. உண்மையான சுமை கொம்பிரசர் மீதே விழுகிறது. அங்குள்ள காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் ஒவ்வொரு சுழற்சியிலும் அது உறிஞ்சும் காற்றின் நிறை கொழும்பைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைகிறது. அதே உயரத்துக்கு வண்டியைத் தூக்க அது கூடுதல் நேரம் ஓடுகிறது. கொழும்பில் தள்ளாடித் தள்ளாடியேனும் வேலை செய்த கொம்பிரசர், குடும்பத்தையும் பொதிகளையும் ஏற்றிக்கொண்டு நுவரெலியாவில் நின்ற காலையில் எழும்ப மறுப்பதன் காரணம் இதுவே. மகியங்கனை வீதியில் பதினெட்டு வளைவு எனப்படும் பகுதியில் இறங்கும் வண்டிக்கு வேறொரு தொல்லை: தொடர்ச்சியான வளைவுகளில் எடை மாறிமாறி ஒரு பக்கத்துப் பைகள் மீது சாய்வதால், பழைய பையின் மடிப்பு ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் வளைகிறது.

பையின் ஆயுள் ஓட்டத்தையும் ஆண்டையும் ஒருங்கே பொறுத்தது. குறைவாக ஓடிய வண்டியின் பை புதிதாகவே இருக்கும் என்று விற்பனையாளர் சொல்வதை நம்பலாகாது. இறப்பர் ஓடாமலும் முதுமையடையும். வெடிப்பு முதலில் தோன்றுவது மடியும் கீழ்விளிம்பில். அங்கே படியும் சேற்றுமணல் ஒவ்வொரு அசைவிலும் அதை அரைக்கிறது. ஆசியாவின் இறப்பர்ப் பயிர்ச்செய்கை 1876 இல் கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்ட கன்றுகளுடன் வேர்கொண்ட நாட்டில், இறப்பர்ப் பை ஒன்றுக்காக வெளிநாட்டை எதிர்பார்த்திருக்க வேண்டியிருப்பது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் நூலிழை ஒவ்வொன்றும் குறிப்பிட்ட கோணத்தில் படிந்த மெல்லிய உறையை அச்சுக்கேற்ப வார்ப்பது டயர் செய்வதினின்றும் வேறான தொழில்.

கழுவும் முறையும் பையின் ஆயுளில் பங்கு வகிக்கிறது. சேர்விஸ் நிலையங்கள் சிலவற்றில் அடிப்பாகத்தைக் கழுவிய பின் துரு பிடிக்காதிருக்க எண்ணெய் கலந்த திரவத்தைத் தெளிக்கும் வழக்கம் இருக்கிறது. உருக்குத் தகட்டுக்கு அது நன்மையாக இருக்கலாம். கனிம எண்ணெய் படிந்த இறப்பர் ஊதி மெதுமையாகி வலிமை இழக்கும் என்பதால் காற்றுப் பை உள்ள வண்டிக்கு அதைத் தவிர்க்கச் சொல்வது அவசியம். அதற்கு மாறாக, பையின் மடிப்பைக் குறைந்த அழுத்தமுள்ள வெற்று நீரால் கழுவி மணலை அகற்றுவது பயனுள்ளது. டிஸ்கவரி 3 போன்ற சில வண்டிகளில் கொம்பிரசர் அடிப்பாகத்தில் பின்சக்கரத்துக்கு முன்னால் அமைந்திருப்பதால், மழைக்கால வீதிச்சேறு அதன் உறையைச் சூழ்ந்து வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கிறது. மூன்றாம் தலைமுறை ரேஞ்ச் ரோவரில் அது உபரிச் சக்கரக் குழிக்குள் இருப்பதால் அந்தச் சிக்கல் குறைவு. கொம்பிரசர் எங்கிருந்து காற்றை உறிஞ்சுகிறது, அதன் வடிகட்டி எப்போது மாற்றப்பட்டது என்ற இரண்டையும் உரிமையாளர் கேட்டறிய வேண்டும்.

கசிவைக் கண்டுபிடிக்கும் முறை எளியது. பொறுமை மட்டும் வேண்டும். சமதரையில் வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்து அதற்கு மேலுள்ள மட்காட் விளிம்பு வரையுள்ள தூரத்தை நாடாவால் அளந்து குறித்துவைத்து, மறுநாள் காலை இயந்திரத்தைத் தொடக்குமுன் மீண்டும் அளந்தால், எந்த மூலை இறங்கியுள்ளது என்பது தெரியும். இதில் ஒரு பொறி உள்ளது. லேண்ட் ரோவர் வண்டிகள் சிலவற்றில் கணினிப் பெட்டி நிறுத்திவைத்த நிலையிலும் சில மணிநேரத்துக்கு ஒருமுறை விழித்து, தாழ்ந்த மூலைக்கு ஏற்ப மற்ற மூன்றையும் இறக்கிச் சமப்படுத்துகிறது; காலையில் பார்ப்பவருக்கு வண்டி முழுதும் ஒரே சீராகத் தாழ்ந்திருப்பதாகத் தோன்ற, குற்றம் எந்தப் பையினுடையது என்பது மறைந்துவிடுகிறது. அத்தகைய வண்டியில் சஸ்பென்ஷனுக்குரிய பியூஸை இரவில் கழற்றிவைத்தே அளக்க வேண்டும். இரண்டு மூலைகள் ஒரே அச்சில் சேர்ந்து இறங்கினால் பையைவிட வால்வுக் கட்டை மீதே ஐயம் கொள்வது தகும். மூலை தெரிந்தபின் சவர்க்கார நீர் போதுமானது: வண்டியை உயர்ந்த நிலையில் வைத்து, பையின் மடிப்பிலும் குழாய் இணைப்பிலும் தெளித்தால் நுரை காட்டிக்கொடுக்கும். எலி கடித்த நைலோன் குழாயும் இவ்வாறே பிடிபடும். காட்டோரக் குடியிருப்புகளில் இது அரிதன்று.

ஸ்கேனரில் தெரியும் பிழைக்குறிகளை மட்டும் நம்பிப் பாகம் மாற்றுவது விலைகூடிய தவறு. ‘அழுத்தம் ஏற நீண்ட நேரம் எடுக்கிறது’ என்ற குறி கொம்பிரசரின் பலவீனத்தையும் குறிக்கலாம், கசிவையும் குறிக்கலாம். கணினிக்கு இரண்டையும் பிரித்தறியும் திறன் பெரும்பாலும் இல்லை. எனினும் ஸ்கேனர் தவிர்க்க முடியாத இடமும் உண்டு. உயர சென்சரை மாற்றினாலோ, அதன் இணைப்புக் கம்பி துருவால் இறுகி உடைந்து புதிதாகப் பொருத்தப்பட்டாலோ, நிறுவனத்துக்குரிய மென்பொருளால் உயரத்தை மீண்டும் பதிவுசெய்தே ஆக வேண்டும். இல்லாவிடில் வண்டி சாய்ந்து நின்று, டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து, முகப்பு விளக்கின் கோணமும் பிசகும்.

வண்டியைத் தூக்கி வேலை செய்வதில் உள்ள ஆபத்து தனியே சொல்லத்தக்கது. காற்றில் நிற்கும் வண்டி எச்சரிக்கையின்றி ஒரே நொடியில் பல அங்குலம் இறங்கக்கூடும். ஆகவே ஜாக் நிலை எனப்படும் முறையில் தானியங்கிச் சமப்படுத்தலை நிறுத்தி, உறுதியான தாங்கிகளை வைத்த பின்னரே எவரும் அடியில் செல்ல வேண்டும். புதிய பையைப் பொருத்தியபின் அதில் காற்று ஏற்றாமலே வண்டியின் எடையை அதன்மேல் இறக்குவதும் நிகழ்கிறது. அப்போது மடிப்பு தவறான இடத்தில் உருவாகி, பெட்டியிலிருந்து எடுத்த அன்றே பை சேதமடைகிறது.

உதிரிப்பாகம் பெரும்பாலும் கொழும்புப் பஞ்சிகாவத்தையிலிருந்தோ, வெளிநாட்டு விநியோகத்தரிடம் நேரடியாகவோ பெறப்படுகிறது. வேறு வண்டியிலிருந்து கழற்றிய பழைய பையை வாங்குவது எவ்வகையிலும் நியாயப்படுத்த முடியாத சிக்கனம். அதன் வயதை யாரும் உறுதிசொல்ல முடியாது. கழற்றிய வால்வுக் கட்டையை, உள்ளே வெள்ளைத் தூளோ பச்சைப் படிவோ இல்லை என்று திறந்து பார்த்த பின் பயன்படுத்தலாம். உலர்த்தி மணிகளை மட்டும் மாற்றுவதும், பிஸ்டன் வளையத்தை மட்டும் புதிதாக இடுவதும் சாத்தியமானவை. கையில் துல்லியமுள்ள மெக்கானிக் ஒருவரால் முழுக் கொம்பிரசரின் விலையில் சிறுபகுதிக்கே இது முடியும். பைகளை அச்சு ஒன்றுக்கு இரண்டாக, இடமும் வலமும் சேர்த்து மாற்றுவது முறை. கொம்பிரசர் மாற்றும் ஒவ்வொரு முறையும் ரிலேயையும் மாற்றுவது, அதன் விலை அற்பமானது என்பதால், விவாதத்துக்கு இடமற்றது.

காற்றை முற்றாக அகற்றிச் சுருள்வில் பொருத்துவது குறித்து உள்ளூரில் இரு கருத்துகள் நிலவுகின்றன. ஒரு தரப்பினர் இதை இறுதித் தீர்வாகவும், மறுதரப்பினர் காரின் தன்மையைச் சிதைப்பதாகவும் கருதுகின்றனர். பின்சக்கரங்களுக்கு மட்டும் காற்றுள்ள பழைய பிராடோ போன்ற வண்டியில் மாற்றம் எளிது, இழப்பும் சிறிது. அங்கு முதற்தரப்பின் வாதமே வலுவானது. நான்கு சக்கரங்களிலும் காற்றும், அதனுடன் பின்னிப் பிணைந்த தணிப்புக் கட்டுப்பாடும் கொண்ட மெர்சிடிஸ் அல்லது ரேஞ்ச் ரோவரில், வில்லின் விறைப்புக்கு ஷொக் அப்சோபர் ஒத்துவராமலும், எச்சரிக்கை விளக்கை அணைக்கக் கணினியை ஏமாற்றும் கருவி தேவைப்பட்டும், சரிவு வாசலில் உயர்த்தும் வசதி இல்லாமற்போயும், மாற்றத்தின் பயன் குறைகிறது. ஒரு பையின் கசிவுக்காக முழு அமைப்பையும் தூக்கி எறிவது அவ்வகை வண்டிகளுக்குப் பொருந்தாது என்பதே நியாயமான முடிவு.

சட்டமும் இதில் உரிமையாளருக்கு உதவுவதில்லை. 2008 முதல் தனியார் கார்களுக்கு ஆண்டுதோறும் புகைப் பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. சஸ்பென்ஷனை அது தொடுவதில்லை. ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் காரும், கொம்பிரசர் இடைவிடாது இரைந்துகொண்டிருக்கும் காரும், புகை அளவு சரியாக இருந்தால் வருமான அனுமதிப்பத்திரத்தைப் பெற்றுவிடுகின்றன. 2025 இற்குப் பின் வந்துசேரும் புதிய வண்டிகளுள் சிலவற்றில், வெளியேற்றும் காற்றைத் தாங்கிக்கே திருப்பியனுப்பி மறுபடி பயன்படுத்தும் மூடிய சுற்று அமைப்பு உள்ளது. வெளியிலிருந்து உறிஞ்சும் காற்று வெகுவாகக் குறைவதால் கண்டியின் ஈரம் அவற்றுள் நுழையும் வாய்ப்பும் குறைகிறது. ஆயினும் இழந்த காற்றை ஈடுசெய்ய அவையும் வெளிக்காற்றையே நாடுகின்றன; பை கசிந்தால் அந்த ஈடுசெய்தலின் அளவு கூடும். அவற்றின் பராமரிப்பும் நாடாவும் சவர்க்கார நீரும் கொண்டே தொடங்க வேண்டியிருக்கும்.